அக்டோபர் 31 வரை

ஆரப்பாளையத்தில் எங்கள் தெரு டெய்லர் அளவு நாடாவை லேசில் எடுக்க மாட்டார். துணியை நீட்டியதும், "அளவுச் சட்டை கொண்டாந்தீங்களாண்ணே?" என்பார். நமக்குப் பொருந்திப்போன பழைய சட்டை ஒன்றைக் கொடுத்தால் போதும். மேசையில் விரித்து, தோளையும் கையையும் சாண் போட்டுப் பார்த்துவிட்டுச் சாக்கட்டியால் கோடு கிழித்துவிடுவார். ஒருமுறை ஒருவர் தன் மச்சானுடைய சட்டையைக் கொண்டுவந்துவிட்டார். புதுச்சட்டை, நல்ல வெட்டு. டெய்லர் அதை மடித்துத் திருப்பிக் கொடுத்தார். "நல்லாத்தாண்ணே இருக்கு. போடப்போறது நீங்கல்ல?"

எங்கள் காம்பவுண்டில் பக்கத்துப் போர்ஷனில் ஒரு பையன் இருக்கிறான். பஸ் ஸ்டாண்டை ஒட்டிய டயர்க் கடையில் வேலை. திண்டுக்கல், தேனி வண்டிகள் ஓயாமல் வந்துபோகிற இடம், கடை மூட ராத்திரி பத்தாகிவிடும். குரூப் 4 எழுத வேண்டும் என்று ஆசை. தேர்வில் முதலிடம் பிடித்த ஒருவருடைய பேட்டியைப் பார்த்து, அவருடைய அட்டவணையை அப்படியே ஒரு சார்ட் பேப்பரில் மூன்று கலரில் எழுதி ஒட்டினான். நாலு மணிக்கு எழுவது, ஆறு வரை கணக்கு, எட்டு வரை பொதுத்தமிழ், சாயங்காலம் நடைப்பயிற்சி, வாரம் ஒரு புத்தகம். மூன்றாவது வாரம் அந்தப் பேப்பரைக் காணோம். கேட்டால், "எனக்கெல்லாம் ஒழுக்கம் பத்தாதுண்ணே" என்றான். அந்தச் சொல் எனக்குப் பொறுக்கவில்லை. பன்னிரண்டு மணி நேரம் நின்றபடி டயர் உருட்டுகிறவனுக்கா ஒழுக்கம் பத்தாது? அவன் தாத்தா மதுரா மில்லில் வேலை பார்த்தவர். 1892இல் ஹார்வி சகோதரர்கள் தொடங்கிய மில் அது. இந்தப் பக்கத்து ஜனங்கள் எழுவதையும் உண்பதையும் தலைமுறைக் கணக்காக மில் சங்குதான் முடிவு செய்தது. தனக்கென்று ஒரு நேரத்தைத் தானே வகுத்துக்கொள்வது அந்தக் குடும்பத்தில் இவன்தான் முதல். முதல் தடவை தவறினால் என்ன?

ஒருநாள் மத்தியானம் அவனைக் கூட்டிக்கொண்டு வைகைக்கு அக்கரை போனேன். தமுக்கத்தில் ராணி மங்கம்மாளின் கோடை அரண்மனை இருக்கிறது. 1959 ஏப்ரல் 15 அன்று நேரு திறந்துவைத்த காந்தி நினைவு அருங்காட்சியகம் அதற்குள்தான். படங்களையெல்லாம் பார்த்துக்கொண்டே போனால் ஒரு கண்ணாடிப் பேழை வரும். அதில் ஒரு துணி. 1948 ஜனவரி 30 அன்று காந்தி உடுத்தியிருந்தது, இரத்தக் கறையோடு. அவன் அதற்கு முன்னால் ரொம்ப நேரம் பேசாமல் நின்றான். அவனுக்கு நான் சொல்ல நினைத்தது அந்தத் துணி எந்த வழியாக வந்து அங்கே சேர்ந்தது என்கிற கதையை.

அதன் வழி லண்டனில் தொடங்குகிறது. 1888 செப்டம்பர் கடைசியில், பத்தொன்பது வயதுகூட நிறையாத ஒரு குஜராத்திப் பையன் வெள்ளை ஃபிளானல் சூட்டில் இங்கிலாந்தில் இறங்கினான். குளிர் தொடங்கிவிட்ட அந்தக் கரையில் வெள்ளை உடுத்தியவன் அவன் ஒருவன்தான். வெட்கிப்போனான். பிறகு ஒரு திட்டம் போட்டான்: ஆங்கிலக் கனவானாக மாறிவிடுவது. பாண்ட் தெருவில் தைத்த மாலை உடுப்புக்குப் பத்து பவுண்டு, உயரத் தொப்பிக்குப் பத்தொன்பது ஷில்லிங், நடன வகுப்புக்கு மூன்று பவுண்டு, வயலினுக்கு மூன்று பவுண்டு, பேச்சுக் கலைக்கு ஒரு கினி. டை முடிச்சுக்கும் தலை வகிடுக்கும் தினம் பத்து நிமிஷம் கண்ணாடி முன்னால். நடனத்தில் ஆறு வகுப்பு போனான், கால் தாளத்தில் விழவில்லை. ஏறக்குறைய மூன்று மாதத்தில் எல்லாவற்றுக்கும் முழுக்குப் போட்டுவிட்டு, வயலினை வந்த விலைக்கு விற்றுத் தரும்படி ஆசிரியையிடமே கேட்டுக்கொண்டான். காந்தி தன் சுயசரிதையில் பைசா பிசகாமல் இந்தக் கணக்கை எழுதியிருக்கிறார். அடுத்தவர் சட்டையை அளவுக்குக் கொடுத்த கதைதான் இதுவும்.

இதைச் சொன்னபோது பையன் முதல்முறையாகச் சிரித்தான். "அவரும் மூணு மாசந்தானாண்ணே?"

அந்த மூன்று மாதத்திலிருந்து ஒரு பழக்கம் மட்டும் மிஞ்சியது, செலவுக் கணக்கு எழுதுவது. அதோடு நடை சேர்ந்தது. வண்டிக் காசை மிச்சம் பிடிக்க நாளுக்கு எட்டு, பத்து மைல் நடந்தார். கையில் காசு குறைவு, காலில் வலு உண்டு, அவ்வளவுதான். அந்த நடை அவரைச் சாகும் வரைக்கும் விடவில்லை.

பாரிஸ்டரின் கோட்டு தென்னாப்பிரிக்காவில் இருபது வருஷம் உழைத்தது. 1913இல் நேட்டாலில் வேலைநிறுத்தம் செய்த ஒப்பந்தக் கூலிகள் சுடப்பட்டு இறந்தபோது, அவர் கோட்டைக் கழற்றிவிட்டு அந்தத் தொழிலாளர்களின் உடுப்பில், மழித்த தலையோடும் வெறுங்காலோடும் டர்பன் கூட்டத்துக்கு வந்தார். அந்த ஜனங்களில் பெருவாரி தமிழர்கள். துக்கத்துக்காக உடை குறைப்பது அங்கேயே தொடங்கிவிட்டது. 1915இல் பம்பாயில் இறங்கும்போது கத்தியவார் அங்கியும் பெரிய தலைப்பாகையும். பிறகு தலைப்பாகை போய் வெள்ளைத் தொப்பி வந்தது. அவ்வளவு துணியை ஒரு தலையில் சுற்றி வைப்பானேன் என்ற கேள்வி எங்கோ உள்ளே ஓடிக்கொண்டிருந்திருக்க வேண்டும்.

அடுத்தது வேட்டி. ஊருக்கெல்லாம் கதர் உடுத்தச் சொல்லிக்கொண்டிருந்தவருடைய இடுப்பில் இந்திய மில் வேட்டிதான் இருந்தது. ஆசிரமத் தறியில் நெய்த முதல் கதர் கெஜம் பதினேழு அணா விழுந்தது, அதுவும் பன்னா 30 அங்குலம்தான். ராட்டையைத் தேடிக் கண்டுபிடித்துக் கொடுத்த கங்காபென்னிடம் அவர் ஒரு கெடு வைத்தார்: ஒரு மாதத்துக்குள் 45 அங்குலப் பன்னாவில் கதர் வேட்டி வர வேண்டும், வராவிட்டால் இருக்கிற குட்டையான முரட்டுத் துணியையே கட்டிக்கொள்வேன். கங்காபென் திடுக்கிட்டாலும் மாதம் முடியுமுன் ஒரு ஜோடி நெய்து அனுப்பிவிட்டார். இந்தக் கெடுவை நான் முக்கியமாக நினைக்கிறேன். தறி பழகவில்லை, நூல் முரடு என்பதையெல்லாம் தெரிந்துகொண்டு வைத்த கெடு. தவறினால் அவதிப்படப்போவது வைத்தவர்தான்.

1921க்கு வருவோம். அன்னியத் துணியை எரிக்கச் சொல்லி ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தார். வங்காளத்தில் குல்னா பஞ்சம். அங்கே ஜனங்கள் பட்டினியிலும் உடுக்கத் துணியில்லாமலும் சாக, இவர் துணியைக் கொளுத்துகிறாரே என்று ஒரு குரல் எழுந்தது. அப்போதே சட்டையைக் கழற்றிவிடத் தோன்றியது. அடக்கிக்கொண்டார். செப்டம்பர் 14ஆம் தேதி வால்டேர் ரயில் நிலையத்தில் மௌலானா முகமது அலி அவர் கண்ணெதிரே கைதானார். மறுபடியும் தோன்றியது. கூட்டத்தில் நாடகம் போட்டதாகிவிடுமோ என்று மறுபடியும் அடக்கிக்கொண்டார். மூன்றாவது தடவை தமிழ்நாட்டில். சென்னையிலிருந்து மதுரைக்கு வரும் ரயிலில் பெட்டி நிறைய ஜனம், உடம்பில் அன்னியத் துணி. கதர் உடுத்துங்கள் என்றார். தலையை ஆட்டி, "கதர் வாங்க எங்களுக்கு வசதி ஏது?" என்றார்கள். அவரோ சட்டை, தொப்பி, முழு வேட்டியோடு உட்கார்ந்திருந்தார்.

அந்தச் சில நாட்களைப் பற்றி அவர் பின்னால் எழுதியதில் ஒரு விஷயம் என்னை இன்றைக்கும் உலுக்குகிறது. கதர் கிடைக்காவிட்டால் அரைத்துணியோடு இருந்துகொள்ளுங்கள், அன்னியத் துணி வேண்டாம் என்று கூட்டங்களில் சொல்லத் தொடங்கினாராம். சொல்லும்போதே நா தயங்கியதாம். தன் மேல் முழு வேட்டியும் சட்டையும் இருக்கிற வரைக்கும் அந்தச் சொல்லுக்கு வலு இல்லை என்று அவருக்கே தெரிந்திருக்கிறது. தன்னை மாற்றிக்கொள்ளத் திட்டம் போடுகிறவர் முதலில் தேட வேண்டியது இதைத்தான். எந்த இடத்தில் நம் பேச்சு நமக்கே வலுவில்லாமல் கேட்கிறது? அங்கேதான் கத்தரி வைக்க வேண்டும். பேட்டியில் பார்த்தவருடைய தயக்கமும் நம்முடைய தயக்கமும் ஒரே இடத்தில் இருக்காது.

நாலு நாள் மனதில் போட்டுப் புரட்டினார். மதுரையில் மேலமாசி வீதி மாடி வீடு ஒன்றில் தங்கல். ராஜாஜியும் மௌலானா ஆசாத் சோபானியும் உடனிருந்தார்கள். சோபானி அவர் நினைப்பை முழுமனதோடு ஏற்றுக்கொண்டார். ராஜாஜிக்கும் மற்றவர்களுக்கும் அது சங்கடமாக இருந்தது. ஜனங்கள் கலங்குவார்கள், சிலருக்குப் புரியாது, சிலர் பைத்தியம் என்பார்கள், பின்பற்றுவதும் யாருக்கும் எளிதில்லை என்றார்கள். கேட்டுக்கொண்டார். முடிவை மாற்றிக்கொள்ளவில்லை.

1921 செப்டம்பர் 22. அன்றைய அறிக்கையை நான் பலமுறை படித்திருக்கிறேன், ஒவ்வொரு தடவையும் அதன் அடக்கம் ஆச்சரியமாக இருக்கிறது. வாழ்நாள் சபதம் எதுவும் அதில் இல்லை. குறைந்தது அக்டோபர் 31 வரை தொப்பியும் சட்டையும் வேண்டாம், இடுப்பில் ஒரு சிறு துணி, உடம்பைக் காக்க வேண்டியிருந்தால் மட்டும் ஒரு போர்வை. முப்பத்தொன்பது நாளைக்கான ஏற்பாடு! போர்வைக்கு அவரே இடம் விட்டுவைத்தார், உடம்பை வருத்துவது நோக்கமில்லை என்பதால். வெற்றுத் தலையும் வெற்றுடம்பும் தன் ஊர்ப்பக்கத்தில் துக்கத்தின் அடையாளம் என்று காரணமும் சொன்னார். உடன் உழைப்பவர்களிடம் இதை எதிர்பார்க்கவில்லை என்றும், அவரவர் வேலைக்குத் தேவையென்று பட்டாலொழிய வேண்டாம் என்றும் எழுதினார். அறிவுரை சொல்கிறவர்கள் எல்லாரும் அந்த வரியில் கொஞ்சம் நின்று போக வேண்டும் என்பது என் ஆசை. தனக்குப் பொருந்தியதை ஊருக்கெல்லாம் மாட்டிவிடத் துடிப்பதுதான் நம் காலத்துப் புத்தகங்களின் பெரிய குறை.

ராஜாஜி கடைசி வரை முழு வேட்டியும் ஜிப்பாவும்தான் அணிந்தார். நேரு ஷெர்வானியில் இருந்தார். அவர்களை யாரும் குறைவாக எண்ணியதில்லை, காந்தியும் எண்ணவில்லை.

செப்டம்பர் 22 காலையில் நெசவாளர்கள் கூடிய கூட்டத்துக்கு அந்தக் கோலத்தில்தான் போனார். இந்த ஊரில் நூலும் பாவும் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. இடுப்பில் எத்தனை முழம், என்ன நயம் என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லக்கூடியவர்கள் முன்னால் அவ்வளவு குறைந்த துணியோடு போய் நிற்க எவ்வளவு நெஞ்சுறுதி வேண்டும்! அப்படி அவர் முதலில் பொதுவெளியில் நின்ற இடத்தைக் காமராசர் சாலையில் இன்றைக்கும் காந்தி பொட்டல் என்கிறோம், சிலை இருக்கிறது. மேலமாசி வீதி வீட்டில் கீழே கதர்க்கடை நடக்கிறது. அன்றைக்கே அந்த அரைத்துணியோடு அவர் காரைக்குடிப் பக்கம் புறப்பட்டுவிட்டார்.

அக்டோபர் 31 வந்தது, போனது. சட்டை திரும்பி வரவில்லை. முப்பத்தொன்பது நாளில் உடம்பு அதற்குப் பழகிவிட்டது, மனசும் நிம்மதியாகிவிட்டது என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன். பத்து வருஷம் கழித்து, 1931 செப்டம்பரில், ஒரு காலத்தில் பத்து பவுண்டுக்கு உடுப்புத் தைத்த அதே லண்டனுக்கு அந்த அரைத்துணியும் போர்வையுமாகப் போய் இறங்கினார். தங்கியது ஏழைகள் வாழும் கிழக்கு லண்டனில், கிங்ஸ்லி ஹாலில். கதர் இயக்கத்தால் வேலை இழந்த லங்காஷயர் மில் தொழிலாளர்களையும் தேடிப் போனார். அங்கே பெண்கள் சுற்றி நின்று கைதூக்கி ஆரவாரிக்க, நடுவில் அவர் கூச்சத்தோடு நிற்கும் படம் உலகறிந்தது. நவம்பரில் பக்கிங்காம் அரண்மனையில் அரசருடைய தேநீர் விருந்து. அதற்கும் அதே உடை. தொப்பிக்குப் பத்தொன்பது ஷில்லிங் கொடுத்த பையன் அப்போது அவர் நினைவுக்கு வந்திருப்பானா?

1946 பிப்ரவரியில் மதுரைக்கு வந்து மீனாட்சியம்மன் கோயிலுக்குள் போனபோதும் அதே கோலம்தான். 1939இல் வைத்தியநாத ஐயர் முன்னின்று எல்லாருக்கும் கதவு திறந்த பிறகே அவர் உள்ளே கால் வைத்தார். இரண்டு வருஷத்தில் டில்லியில் அந்தத் துணியில் இரத்தம் படிந்தது. அப்புறம் அது மதுரைக்கு வந்து தமுக்கத்தில் தங்கிவிட்டது. மேலமாசி வீதியிலிருந்து கூப்பிடு தூரத்துக்குக் கொஞ்சம் கூட இருக்கும்.

திரும்பி வரும்போது பையன் அதிகம் பேசவில்லை. ஆற்றுப்பாலத்தில் பஸ் ஊர்ந்தது. புட்டுத்தோப்புப் பக்கம் பார்த்துக்கொண்டே, "அவருக்கு எங்க பேச்சு நின்னுச்சோ அங்க பிடிச்சாருல்லண்ணே? எனக்குக் கணக்குல சதவீதம் வந்தா கை நின்னுருது. அதான் உண்மை. மத்ததெல்லாம் சும்மா எழுதி வச்சேன்" என்றான். நாலு மணிக்கு எழுவது அவனால் ஆகாது. ஆனால் மத்தியானம் மூன்றிலிருந்து நாலு வரை கடையில் வண்டி வராது, வெயிலுக்கு ஓனரும் படுத்துவிடுவார். அதையும் அவனே சொன்னான்.

மறுநாள் அவன் கதவுக்குப் பின்னால் பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தைக் கிழித்து ஒட்டியிருந்தான். ஒரே கலர் பேனா. ஆவணி மூலத்தன்று சொக்கர் மண் சுமக்க வரும் ஊர் எங்களுடையது, எங்களுக்கு நாள் கணக்கெல்லாம் அதை வைத்துத்தான். தாளில் இருந்தது இவ்வளவுதான்: "மத்தியானம் 3 மணி. சதவீதம், தினம் 5 கணக்கு. லோடு வந்தா ராத்திரி. ஆவணி மூலம் வரை."