சங்ககிரி மலைக்கோட்டை தரும் படிப்பினை



நமது செவ்வாய்ப்பேட்டையிலிருந்து தென்மேற்கே சுமார் 40 கிலோமீட்டர் தொலைவில் சங்ககிரி மலைக்கோட்டை அமைந்துள்ளது. அண்மையில் மத்ரஸா மாணவர்களுடன் நாம் அங்கு சென்று வந்தோம். சங்கு போன்ற வடிவத்தால் மலைக்கு இப்பெயர் வந்தது என்பர். ஒரு பக்கமாக மட்டுமே எளிதில் ஏறலாம். மற்றப் பக்கங்கள் செங்குத்தானவை. எனவேதான் விஜயநகரக் காலம் தொட்டு ஆட்சியாளர்கள் இதனை அரணாகக் கொண்டனர். ஹைதர் அலி, திப்பு சுல்தான் ஆகியோரின் மைசூர் ஆட்சிக்குப் பின், 1792-ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி இப்பகுதி ஆங்கிலேயக் கம்பெனியின் வசமாயிற்று.

ஏறும் வழியெங்கும் அடுத்தடுத்து வாயில்கள், இடிந்த மதில்கள், நீர்ச் சுனைகள். தஸ்தகீர் மகான் தர்காவும் சென்னகேசவப் பெருமாள் கோயிலும் ஒரே மலையில் உள்ளன. ‘தஸ்தகீர்’ என்னும் பாரசீகச் சொல்லுக்குக் கைபிடித்து உதவுபவர் என்பது பொருள். 1166-இல் பாக்தாதில் மறைந்த முஹ்யித்தீன் அப்துல் காதிர் ஜீலானி (ரஹ்) அவர்களுக்கு நம் நாட்டில் பெரிதும் வழங்கும் சிறப்புப் பெயரும் அதுவே.

சற்று இளைப்பாறியபோது, மக்களிடையே வழங்கும் கதையொன்றை மாணவர்களுக்குக் கூறினோம். கொங்கு நாட்டின் வரிப்பணம் மைசூருக்குச் செல்லும் வழியில் தீரன் சின்னமலை அதனை மறித்துப் பறித்துக்கொண்டார் என்பது அக்கதை.

“ஹஜ்ரத், அப்படியானால் அவர் திப்புவுக்கு எதிரியா?” என்று கேட்டான் ஒரு சிறுவன்.

கதையை அங்கேயே நிறுத்தினால் பகைதான் மிஞ்சும். அதே சின்னமலை பின்னர் கொங்கு இளைஞர்களைத் திரட்டிச் சென்று, திப்புவின் பக்கம் நின்று கம்பெனியை எதிர்த்தார். 1799 மே 4 அன்று திப்பு போர்க்களத்தில் வீழ்ந்த பின்னரும் அவர் பணியவில்லை. 1805-இல் இதே கோட்டையில் ஆங்கிலேயர் அவரைத் தூக்கிலிட்டனர். இன்றும் ஆடிப்பெருக்கன்று மக்கள் அவரை நினைவுகூர்கின்றனர்.

முழுவதையும் கேட்ட சிறுவன், “அப்படியென்றால் இருவரும் ஒரே அணிதான்” என்றான்.

ஹதீஸ் கலை அறிஞர்கள் ஒரு செய்தியை ஏற்குமுன் அதனை அறிவித்தவர் யார், அவர் யாரிடம் கேட்டார் என்று ஆராய்ந்தனர். வரலாற்றைப் பேசும்போதும் நமக்கு அந்தப் பேணுதல் வேண்டும். கதையைக் கதையென்றே சொல்வோம். உறுதியானதை ஆண்டோடு சொல்வோம். பாதியில் நிறுத்தாமல் சொல்வோம். பாதி வரலாறு அண்டை வீட்டாரைப் பகைவராக்கிவிடும்.

பெற்றோர்களே! விடுமுறையில் பிள்ளைகளை அங்கு அழைத்துச் செல்லுங்கள். சுவரில் பெயர் கிறுக்காதிருக்கவும் கற்றுக் கொடுங்கள். நம் சந்ததியரை உண்மை பேசுவோராக வல்ல அல்லாஹ் ஆக்கியருள்வானாக. ஆமீன்.