மெயில் மெர்ஜில் உருமாறும் எண்கள்

ஒரே கடிதத்தில் பெயர், முகவரி, தொகை ஆகியவற்றை மட்டும் மாற்றிப் பலருக்கு அச்சிடும் முறை மெயில் மெர்ஜ். இதில் எண்கள் உருமாறி அச்சாவது பழைய தொல்லை. கணினி சேமிக்கும் மதிப்பு வேறு, தாளில் தெரியும் வடிவம் வேறு. அந்த வடிவத்தைத் தரும் பொறுப்பு கைமாறியபோதெல்லாம் பிழையும் புது உருவம் எடுத்தது.

1960-ல் அமெரிக்காவில் வெளியான கோபோல் மொழி இரண்டையும் தெளிவாகப் பிரித்து வைத்தது. 0125050 என்று புள்ளியோ கமாவோ இல்லாமல் பதிவான தொகை 1,250.50 என்று அச்சாக வேண்டுமானால், அதற்குரிய ‘பிக்சர்’ வரியை நிரலில் எழுதியாக வேண்டும். முன்னால் நிற்கும் பூச்சியத்தை மறைப்பது, கமா இடுவது எல்லாம் அந்த வரியின் வேலை.

1978-ல் வந்த வேர்ட்ஸ்டார் என்ற எழுத்துச் செயலிக்கு மெயில்மெர்ஜ் என்ற துணை மென்பொருளும் பின்னர் விற்பனைக்கு வந்தது. இதற்கான விவரங்கள் வெறும் எழுத்துக் கோப்பில், ஆளுக்கு ஒரு வரியாக, கமாவால் பிரித்து எழுதப்பட்டன. தொகையை 1,250 என்று மேற்கோள் குறியில்லாமல் எழுதினால் தொகைக்குரிய இடத்தில் 1 மட்டும் விழும். 250 அடுத்த இடத்துக்குப் போய்விடும். அந்த வரியில் மீதியுள்ள விவரங்களும் ஒவ்வோர் இடம் தள்ளிப் போகும்.

பின்னர் வேர்டும் எக்செலும் இணைந்து வேலை செய்தபோது, டிடிஇ என்ற வழியில் எக்செல் தன் திரையில் காட்டிய வடிவத்தையே வேர்டுக்குக் கொடுத்தது. 2001-ல் வந்த ஆஃபீஸ் எக்ஸ்பியில் ஓஎல்இ டிபி இயல்பான வழியானது. இது கோப்பில் உள்ள மதிப்பை நேரடியாக எடுத்தது. செல்லுக்குத் தந்திருந்த வடிவத்தை விட்டுவிட்டது. 1,250.50 என்று தெரிந்தது 1250.5 ஆனது, 5% என்பது 0.05 ஆனது. எண்ணாகப் பதிவான பாஸ்டன் நகர அஞ்சல் குறியீடு 02108, தன் முதல் பூச்சியத்தை இழந்து 2108 என்று அச்சானது.

0.07 போன்ற எண்களின் நிலை இன்னும் விசித்திரம். இரும எண்முறையில் 0.07-ஐத் துல்லியமாக எழுத முடியாது. மிக நெருங்கிய மதிப்பே சேமிக்கப்படுகிறது. அது 7.0000000000000007 என்று நீண்டு, பத்தின் அடுக்கைக் காட்டும் குறியோடு கடிதத்தில் வந்து நின்றது. எக்செலின் ஒரே பத்தியில் (நெடுவரிசையில்) எண்ணும் எழுத்தும் கலந்திருந்தால் வேறொரு சிக்கல். முதல் சில வரிகளை மட்டும் பார்த்து அந்தப் பத்தியின் வகை ஊகிக்கப்படுவதால், ஊகத்துக்குப் பொருந்தாத விவரங்கள் விடுபட்டுப் போகும்.

பிழை தேடுபவர் முதலில் செல்லின் வடிவத்தைப் பொதுவானதாக மாற்றி, உள்ளே இருக்கும் மதிப்பைப் பார்க்க வேண்டும். பிறகு வேர்டில் ஆல்ட், எஃப்9 விசைகளைச் சேர்த்து அழுத்தினால், விவரம் வந்து விழும் இடமான ஃபீல்டின் குறியீடு தெரியும். அதில் ஃபீல்டின் பெயரை அடுத்து \# "#,##0.00" என்று சேர்த்தால் கமாவும் இரண்டு தசம இடங்களும் வரும், \# "00000" என்பது அஞ்சல் குறியீட்டின் பூச்சியத்தை மீட்கும். சதவீதத்துக்கு இது போதாது. மதிப்பை 100-ஆல் பெருக்கும் கணக்கு ஃபீல்டும் தேவை. அந்த ஃபீல்டைச் சூழும் அடைப்புக்குறிகளைத் தட்டச்சு செய்தால் வேலை செய்யாது. கண்ட்ரோல், எஃப்9 விசைகளால்தான் இட வேண்டும். லட்சம், கோடி முறையில் கமா வேண்டுமானால் எக்செலிலேயே தனிப் பத்தியில் தொகையை எழுத்தாக மாற்றி, அந்தப் பத்தியை இணைப்பது எளிது. எண்ணும் எழுத்தும் கலந்த பத்தியையும் இப்படி முழுக்க எழுத்தாக்கிவிடலாம்.