அன்னா கரீனினா நாவலின் முதல் வரி: உருவான வரலாறு

லியோ டால்ஸ்டாயின் ‘அன்னா கரீனினா’ 1875 முதல் 1877 வரை ரஷ்ய இதழொன்றில் தொடராக வந்து, 1878-ல் நூலாக வெளியான நாவல். உலக இலக்கியத்தில் மிகுதியாக எடுத்துக்காட்டப்படும் தொடக்க வரிகளுள் இந்நாவலின் முதல் வரியும் ஒன்று. மகிழ்ச்சியான குடும்பங்களையும் துயரத்தில் இருக்கும் குடும்பங்களையும் ஒப்பிட்டு, முன்னவற்றில் ஒற்றுமையையும் பின்னவற்றில் வேறுபாட்டையும் காணும் பொதுக்கூற்று அது. நாவலாசிரியர் முதலில் எழுதிய வரி இதுவன்று. கைவிடப்பட்ட ஒரு வரலாற்று நாவல், தற்செயலாகக் கைக்கு வந்த ஒரு புத்தகம், மாற்றி எழுதப்பட்ட பல வரைவுகள் ஆகியவற்றுக்குப் பின்னரே இவ்வரி நாவலின் தலைவாசலுக்கு வந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டு நாவல்களின் தொடக்கம்

பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பிய நாவல்கள் பெரும்பாலும் நிதானமாகத் தொடங்கின. கதை நிகழும் ஆண்டு, ஊர், நாயகனின் குலமரபு, வீட்டின் அமைப்பு ஆகியவற்றைச் சொல்லிவிட்டுத்தான் ஆசிரியர் கதைக்குள் செல்வார். இவான் துர்கனேவின் ‘தந்தையரும் தனயரும்’ (1862) 1859 மே 20 என்ற நாளைக் குறிப்பிட்டு, சாலையோர விடுதியில் மகனுக்காகக் காத்திருக்கும் நிலக்கிழாரைக் காட்டித் தொடங்குகிறது. வாசகருக்கு முதலில் காலத்தையும் இடத்தையும் உறுதிசெய்து தருவது இம்முறையின் நோக்கம்.

பொதுக்கூற்றில் தொடங்கும் முறையும் அப்போது இருந்தது. ஜேன் ஆஸ்டினின் ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ (1813) செல்வமுள்ள மணமாகாத ஆண்களைப் பற்றிய ஒரு கூற்றை எல்லோரும் ஒப்புக்கொண்ட உண்மைபோல முன்வைத்துத் தொடங்குகிறது. அந்தக் கூற்றில் உள்ள கேலி, அடுத்து வரும் கணவன் மனைவி உரையாடலில் வெளிப்பட்டுவிடும். டால்ஸ்டாயின் தொடக்கம் இந்த வகையைச் சேர்ந்ததுபோலத் தோன்றினாலும் அது உருவான வழி வேறு.

டால்ஸ்டாயும் தொடக்கச் சிக்கலும்

நாவலைத் தொடங்குவது டால்ஸ்டாய்க்கு எப்போதும் கடினமாகவே இருந்தது. ‘போரும் அமைதியும்’ நாவலுக்கு அவர் எழுதிப் பார்த்து விலக்கிய தொடக்கங்கள் பத்துக்கும் மேற்பட்டவை. இறுதியில் 1805 ஜூலையில் பீட்டர்ஸ்பர்க் மேட்டுக்குடிப் பெண்மணி ஒருவரின் வரவேற்பறையில், பிரெஞ்சு மொழிப் பேச்சின் நடுவில் அந்நாவல் தொடங்கியது.

1869-ல் ‘போரும் அமைதியும்’ முழுமையாக வெளிவந்தது. அடுத்து, ரஷ்யப் பேரரசர் மகா பீட்டரின் காலத்தைப் பற்றிய வரலாற்று நாவலுக்கு டால்ஸ்டாய் திட்டமிட்டார். 1870 முதல் 1873 தொடக்கம் வரை அதற்காக ஏராளமான நூல்களைப் படித்துக் குறிப்புகள் எடுத்தார். உடைகள், பழக்கவழக்கங்கள், போர்முறைகள் என எல்லாவற்றையும் சேகரித்தார். அந்நாவலுக்காக அவர் எழுதிய தொடக்கங்களில் இருபதுக்கும் மேற்பட்டவை எஞ்சியுள்ளன. அவற்றில் ஒன்றும் நாவலாக வளரவில்லை. அந்தக் காலத்து மனிதர்களின் உள்ளம் தனக்குப் பிடிபடவில்லை என்று அவர் உணர்ந்தார். புறத்தகவல்கள் நிறைய இருந்தும் உயிருள்ள மனிதர் ஒருவரும் அவற்றிலிருந்து எழுந்து வரவில்லை.

கருவும் காத்திருப்பும்

‘அன்னா கரீனினா’வின் கரு இதற்கு முன்பே டால்ஸ்டாயின் மனத்தில் விழுந்திருந்தது. 1870 பிப்ரவரியில் அவருடைய மனைவி சோபியா எழுதிய குறிப்பு இதைக் காட்டுகிறது. மேட்டுக்குடியைச் சேர்ந்த, மணமான, வழிதவறிய ஒரு பெண்ணைக் குற்றவாளியாகக் காட்டாமல் இரக்கத்துக்குரியவளாகக் காட்டுவதே தன் வேலை என்று டால்ஸ்டாய் அவரிடம் கூறியிருந்தார்.

1872 ஜனவரியில் டால்ஸ்டாயின் ஊரான யாஸ்னயா போல்யானாவுக்கு அருகிலுள்ள யாசென்கி ரயில் நிலையத்தில், அண்டை நிலக்கிழாரின் வீட்டில் வாழ்ந்த அன்னா என்ற பெண் சரக்கு ரயில் முன் விழுந்து இறந்தாள். அந்த நிலக்கிழார் வேறொரு பெண்ணை மணக்க எண்ணியதே காரணம். பிணக்கூறாய்வு நடந்த இடத்துக்கு டால்ஸ்டாய் நேரில் சென்றார். நாயகியின் பெயரும் முடிவும் இந்த நிகழ்ச்சியோடு தொடர்புடையவை.

இவ்வாறு பாத்திரமும் முடிவும் கையில் இருந்தன. ஆனால் அதன் பிறகும் ஓராண்டுக்கு மேல் அவர் நாவலைத் தொடங்கவில்லை.

புஷ்கினின் துண்டு

1873 மார்ச்சில் நிகழ்ந்ததைச் சோபியாவின் குறிப்புகள் பதிவுசெய்துள்ளன. ஒன்பது வயதான மூத்த மகன் செர்கேய், முதிய அத்தைக்குப் படித்துக் காட்ட ஒரு புத்தகம் கேட்டான். ‘பெல்கின் கதைகள்’ அடங்கிய புஷ்கின் தொகுதியை அவனிடம் சோபியா கொடுத்தார். அத்தை உறங்கிவிடவே புத்தகம் சன்னல் அருகில் கிடந்தது. மறுநாள் காலை டால்ஸ்டாய் அதை எடுத்துப் புரட்டினார். பலமுறை படித்த புத்தகத்தை அவரால் கீழே வைக்க முடியவில்லை.

அத்தொகுதியில் புஷ்கின் முடிக்காமல் விட்ட ஒரு கதைத் துண்டும் இருந்தது. கோடைமாளிகை ஒன்றுக்கு விருந்தினர்கள் வந்து சேர்வதில் அது தொடங்குகிறது. நாடக அரங்கிலிருந்து நேராக வருகிறவர்கள் அவர்கள். அந்த வீடு யாருடையது, எப்படிப்பட்டது, வந்தவர்கள் யார் என்ற முன்னுரை எதுவும் இல்லை. கூட்டத்தின் நடுவே, சமூகத்தின் வம்புப் பேச்சுக்கு இலக்கான ஓர் இளம்பெண் வருகிறாள்.

எழுதவேண்டிய முறை இதுவே என்று டால்ஸ்டாய் வியந்தார். வேறொருவர் என்றால் முதலில் அறைகளையும் விருந்தினர்களையும் வருணித்துக்கொண்டிருப்பார், புஷ்கின் நேராகச் செயலுக்குள் இறங்கிவிடுகிறார் என்பது அவர் கருத்து. மார்ச் 18 மாலை, தான் ஒன்றரைப் பக்கம் எழுதியிருப்பதாகவும் அது நன்றாக வந்திருப்பதாகவும் சோபியாவிடம் கூறினார்.

மார்ச் 25-ல் விமர்சகரும் நண்பருமான நிகோலாய் ஸ்திராகவுக்கு டால்ஸ்டாய் ஒரு கடிதம் எழுதினார். புஷ்கினின் துண்டைப் படித்ததும், எதற்கென்றே தெரியாமல் தன்னையறியாது பாத்திரங்களையும் நிகழ்ச்சிகளையும் கற்பனை செய்யத் தொடங்கியதாக அதில் விவரித்தார். நாவலின் முதல் வரைவு முடிந்துவிட்டதாகவும், உடல்நலம் இருந்தால் இரண்டு வாரங்களில் நாவல் தயாராகிவிடும் என்றும் எழுதினார். அக்கடிதத்தை அவர் அனுப்பவில்லை. நாவல் முடிய நான்கு ஆண்டுகள் ஆயின.

முதல் வரைவுகள்

தொடக்ககால வரைவு புஷ்கினின் துண்டை ஒட்டியே அமைந்தது. இசை நாடகம் முடிந்து விருந்தினர்கள் ஒரு மேட்டுக்குடிப் பெண்மணியின் வீட்டில் கூடுகிறார்கள். அங்கே இல்லாத ஒரு தம்பதியைப் பற்றிப் பேச்சு நடக்கிறது. பிறகு அந்தத் தம்பதியும் வருகிறார்கள். மனைவிக்கும் இளம் அதிகாரி ஒருவனுக்கும் உள்ள நெருக்கம் எல்லோர் கண்ணிலும் படுகிறது. இவ்வரைவில் நாயகியின் பெயர் தத்யானா. அவள் நடத்தையில் நயமற்றவள். கணவன் இரக்கத்துக்குரியவன். இன்று நாவலின் பாதியைத் தன் கதையாகக் கொண்ட லெவின் அப்போது இல்லை.

இந்தத் தொடக்கம் விறுவிறுப்பானது. ஆனால் அதில் ஒரு குறை இருந்தது. நாயகி அறிமுகமாகும்போதே ஊராரின் வம்புப் பேச்சு வழியாக அறிமுகமாகிறாள். வாசகரும் அந்த வரவேற்பறையில் அமர்ந்து அவளை எடைபோடுபவராகிவிடுகிறார். அவளை இரக்கத்துக்குரியவளாகக் காட்டுவது என்ற 1870-ஆம் ஆண்டு நோக்கத்துக்கு இது ஒத்துவரவில்லை.

எனவே டால்ஸ்டாய் அந்தக் காட்சியை முதலிடத்திலிருந்து நீக்கினார். ஆனால் அதைத் தூக்கி எறியவில்லை. மாற்றங்களுடன் அது இளவரசி பெட்ஸியின் வரவேற்பறைக் காட்சியாக, நாவலின் இரண்டாம் பாகம் ஆறாம் அத்தியாயத்தில் இடம்பெற்றுள்ளது. நாவலைத் தொடங்கி வைத்த பக்கம் நூலின் நடுப்பகுதிக்குச் சென்றுவிட்டது.

ஒப்லான்ஸ்கி வீடு

புதிய தொடக்கம் மாஸ்கோவில், ஸ்தெபான் ஒப்லான்ஸ்கியின் வீட்டில் நிகழ்கிறது. குழந்தைகளுக்குப் பாடம் சொல்லித்தந்த பிரெஞ்சு ஆசிரியையோடு கணவனுக்கு இருந்த தொடர்பு மனைவி டாலிக்குத் தெரிந்துவிட்டது. மூன்று நாளாக வீடு குழம்பிக் கிடக்கிறது. வேலைக்காரர்கள் வெளியேறுகிறார்கள். குழந்தைகள் கவனிப்பாரின்றி ஓடித் திரிகிறார்கள்.

ஒப்லான்ஸ்கியின் தங்கைதான் அன்னா. அண்ணனையும் அண்ணியையும் சமாதானப்படுத்துவதற்காகவே அவள் பீட்டர்ஸ்பர்க்கிலிருந்து மாஸ்கோவுக்கு வருகிறாள். முதல் பாகம் பதினெட்டாம் அத்தியாயத்தில், மாஸ்கோ ரயில் நிலையத்தில்தான் வாசகர் அவளை முதன்முதலாகப் பார்க்கிறார். அங்கேயே விரான்ஸ்கியும் அவளைச் சந்திக்கிறான்.

இந்த மாற்றத்தால் நாயகி பற்றிய வாசகரின் பார்வை மாறிவிடுகிறது. முந்தைய வரைவில் ஊரார் வாயில் அகப்பட்ட பெண்ணாக வந்தவள், இப்போது உடைந்த குடும்பத்தைச் சேர்த்துவைப்பவளாக வருகிறாள். அண்ணன் செய்த துரோகத்துக்கு மன்னிப்புப் பெற்றுத்தருகிறாள். பிறகு அவளே காதல்வயப்பட்டுக் கணவனை விட்டு நீங்கும்போது, மேட்டுக்குடிச் சமூகம் அவளுக்கு அந்த மன்னிப்பைத் தரவில்லை. அண்ணன் குடும்பத்தையும் பதவியையும் இழக்காமல் வாழ்கிறான். தங்கை மகனை, மதிப்பை, இறுதியில் உயிரை இழக்கிறாள். ஆணுக்கு ஒரு நீதியும் பெண்ணுக்கு வேறொரு நீதியும் வழங்கும் சமூகத்தை, தனியாக ஒரு வார்த்தை சொல்லாமலே இத்தொடக்கம் காட்டிவிடுகிறது.

முதல் வரியும் இரண்டாம் பத்தியும்

விருந்தினர் கூடும் தொடக்ககால வரைவில் குடும்பங்களைப் பற்றிய பொதுக்கூற்று இல்லை. அச்சில் அது தனிப் பத்தியாக, ஒரே வாக்கியமாக முதலில் நிற்கிறது. ஒப்லான்ஸ்கி வீட்டின் குழப்பம் இரண்டாம் பத்தியில் தொடங்குகிறது.

புஷ்கினிடமிருந்து டால்ஸ்டாய் கற்ற பாடம் இரண்டாம் பத்தியில் உள்ளது. வீடு, சண்டை, சண்டையின் காரணம் ஆகியவை முன்னுரையின்றி வந்துவிழுகின்றன. வீட்டைக் குறிக்கும் ‘தோம்’ என்ற ரஷ்யச் சொல் இப்பத்தியில் எட்டுமுறை திரும்பத் திரும்ப வருவதை, அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் ரஷ்ய இலக்கியம் கற்பித்த விளதீமிர் நபக்கோவ் தம் விரிவுரையில் சுட்டிக்காட்டினார். ஒரே சொல் திரும்ப வருவதைக் குறையாகக் கருதும் மொழிபெயர்ப்பில் இந்த அழுத்தம் மறைந்துவிடக்கூடும்.

முதல் வரி செய்யும் வேலை வேறு. இரண்டாம் பத்தி மட்டும் இருந்தால் அது ஒரு வீட்டின் கதை. மேலே உள்ள பொதுக்கூற்று, வரப்போகும் பல வீடுகளுக்கு வாசகரை ஆயத்தம் செய்கிறது. டாலி மன்னித்தும் மகிழ்ச்சியடையாத ஒப்லான்ஸ்கி வீடு, கடமையாலும் மதிப்பாலும் மட்டும் நின்ற கரேனின் வீடு, அன்னாவும் விரான்ஸ்கியும் சமூகத்துக்கு வெளியே அமைத்துக்கொண்ட வாழ்க்கை, லெவினும் கிட்டியும் கட்டியெழுப்பும் கிராமத்து வீடு என நாவல் விரிகிறது.

முதல் வரி உண்மைதானா என்ற கேள்வியையும் நாவலே எழுப்புகிறது. லெவினின் வீடு மகிழ்ச்சியான குடும்பம். ஆயினும் மணமான பிறகு வாழ்வின் பொருள் தெரியாமல் தவிக்கும் லெவின், தூக்கிட்டுக்கொள்ளும் எண்ணம் வருமோ என்று அஞ்சிக் கயிற்றை மறைத்துவைக்கும் நிலைக்குச் செல்கிறான். தீர்ப்புபோல ஒலித்த வரி, நாவலை முடிக்கும்போது கேள்வியாக மாறுகிறது.

அச்சேறிய வரலாறு

1874-ல் நாவலை நேரடியாக நூலாக வெளியிட டால்ஸ்டாய் முயன்றார். சில பகுதிகள் அச்சுக்கோக்கப்பட்ட நிலையில் நிறைவின்றி அதை நிறுத்தினார். பின்னர் மிகயீல் கட்கோவ் நடத்திய ‘ரூஸ்கி வெஸ்த்னிக்’ இதழில் 1875 ஜனவரி முதல் தொடராக வெளிவந்தது. இடையில் நீண்ட இடைவெளிகள் விழுந்தன. குடும்பத்தைப் பற்றிய நாவலை எழுதிய அந்த ஆண்டுகளில், 1873 முதல் 1875 வரை, டால்ஸ்டாய் தம்பதியர் மூன்று குழந்தைகளைப் பறிகொடுத்தனர்.

1877-ல் எட்டாம் பாகத்தை வெளியிடக் கட்கோவ் மறுத்தார். செர்பியப் போருக்குச் செல்லும் ரஷ்யத் தன்னார்வலர்கள் பற்றி அதில் இருந்த விமர்சனம் அவருடைய அரசியலுக்கு எதிராக இருந்தது. டால்ஸ்டாய் அப்பாகத்தைத் தனி வெளியீடாகக் கொண்டுவந்தார்.

பிற்காலச் செல்வாக்கு

நபக்கோவ் தம் ‘அடா’ (1969) நாவலை இந்த முதல் வரியைத் தலைகீழாக்கித் தொடங்கினார். உயிரியலாளர் ஜாரெட் டயமண்ட் 1997-ல் வெளியான தம் நூலில் ‘அன்னா கரீனினா கொள்கை’ என்ற தொடரைப் பயன்படுத்தினார். விலங்கு ஒன்று மனிதரால் பழக்கப்படுவதற்கு உணவு, வளர்ச்சி வேகம், இனப்பெருக்கம், குணம் முதலிய பல நிபந்தனைகள் ஒருங்கே பொருந்த வேண்டும், ஒன்று தவறினாலும் முயற்சி தோற்கும் என்பது அவர் விளக்கம். தமிழில் இந்நாவலை நா. தர்மராஜன் மொழிபெயர்த்துள்ளார்.

மதிப்பீடு

வாசகரைக் கவரும் முதல் வரி ஒரு நொடியில் தோன்றும் அருள்வாக்காகப் பலவேளைகளில் பேசப்படுகிறது. ‘அன்னா கரீனினா’வின் வரலாறு அதற்கு மாறான சான்றைத் தருகிறது. பீட்டர் நாவலுக்கு எழுதிய தொடக்கங்கள் வீணாயின. காரணம், அவற்றுக்குப் பின்னால் ஆசிரியர் உள்ளம் அறிந்த மனிதர்கள் இல்லை. புஷ்கினின் துண்டு டால்ஸ்டாய்க்கு எழுதும் வேகத்தைத் தந்தது, ஆனால் அதன் வழியில் எழுதிய காட்சியும் முதலிடத்தில் நிலைக்கவில்லை. நாயகியை எங்கிருந்து பார்க்க வேண்டும் என்பது தெளிவான பிறகே கதை ஒப்லான்ஸ்கி வீட்டில் தொடங்கியது. வாசகர் முதலில் படிக்கும் வரி, எழுத்தாளர் தம் கதையைப் பெருமளவு அறிந்துகொண்ட பின்னரே எழுதக்கூடிய வரியாக இருக்கலாம் என்பதற்கு இந்நாவல் தெளிவான எடுத்துக்காட்டு.