புவி அறிவியல் கோடைக்கால ஆய்வுப் பயிற்சி

கல்லூரி மாணவர் ஒருவர் விடுமுறையில் சில வாரங்கள் ஓர் ஆய்வகத்தில் தங்கி, விஞ்ஞானி ஒருவரின் கீழ் சிறு ஆய்வொன்றைச் செய்து முடிக்கும் ஏற்பாடு. பேச்சு வழக்கில் சம்மர் இன்டர்ன்ஷிப். நிலவியல், வானிலையியல், கடலியல் போன்ற துறைகளுக்குள் இதுவரை அதிகம் வராத பிரிவினரை அழைத்துவரும் வழியாக 1990-களில் இது உருப்பெற்றது.

இந்தியாவில் இதன் முன்கதை பழையது. திருவனந்தபுரத்தில் 1837-இல் சுவாதித் திருநாள் மன்னர் வானாய்வகம் ஒன்றை நிறுவினார். 1852-இல் அதன் பொறுப்பை ஏற்ற விஞ்ஞானி ஜான் ஆலன் பிரவுன், 1855-இல் அகத்தியமலை உச்சியிலும் ஒரு நிலையம் அமைத்தார். இரு இடங்களிலும் காந்த ஊசியின் அசைவைப் பார்த்து, மணிக்கு மணி எண் குறித்தவர்கள் உள்ளூர் உதவியாளர்கள். 1874-இல் லண்டனில் வெளியான அந்தப் பதிவுகள் பிரவுனின் ஆய்வாகவே அறியப்படுகின்றன. 1851-இல் தொடங்கிய இந்திய நிலவியல் ஆய்வுத் துறை, 1873-இல் ராம் சிங் என்பவரைப் பயிற்சியாளராகச் சேர்த்தது. இந்தியர்களுக்குச் சொந்தமாக ஆராயும் திறன் கிடையாது என்று பின்னர் அதன் தலைவரான மெட்லிகாட் வெளிப்படையாகவே கருதிய காலம் அது. 1880-இல் பிரமதநாத் போஸ் அதிகாரியாக நுழைந்தார்.

பெண்களுக்கு வாசல் இன்னும் குறுகியது. பீர்மேட்டில் பிறந்த அன்னா மாணி, சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, 1940-இல் உதவித்தொகையோடு பெங்களூரில் இயற்பியலாளர் சி.வி. ராமனின் ஆய்வகத்துக்குப் போனார். வைரத்தின் ஒளிர்வு குறித்து ஐந்து கட்டுரைகள் எழுதினார். முதுகலைப் பட்டம் இல்லை என்று சொல்லிச் சென்னைப் பல்கலைக்கழகம் முனைவர் பட்டம் தர மறுத்தது. வசதியான வீட்டுப் பெண்ணுக்கே இந்த நிலை. பின்னாளில் வானிலைக் கருவிகளில் நாட்டின் முதன்மையான வல்லுநராகி, தும்பா ராக்கெட் ஏவுதளத்தில் வானிலை நிலையம் அமைக்கவும் உதவிய அவர், 2001-இல் திருவனந்தபுரத்தில் காலமானார்.

திட்டமிட்ட முயற்சி என்றால் அமெரிக்காவைத்தான் சொல்ல வேண்டும். அங்கே தேசிய அறிவியல் அறக்கட்டளை 1987-இல் இளங்கலை மாணவர்களுக்கான ஆய்வுப் பயிற்சிக்கு நிதி தரத் தொடங்கியது. 1996-இல் போல்டர் நகரத்து வளிமண்டல ஆய்வு மையத்தில் ‘சோர்ஸ்’ என்ற பயிற்சித் திட்டம் பிறந்தது. ஒரு கோடையோடு கைகழுவாமல், அடுத்தடுத்த கோடைகளிலும் அழைத்து, ஆய்வுக்கு ஒருவர், எழுத்துக்கு ஒருவர் எனப் பல வழிகாட்டிகளைத் தந்ததே அதன் பலம். நிலவியலுக்காக ‘ரெசெஸ்’ என்ற இதே போன்ற திட்டம் 2005-இல் வந்தது. ஆனாலும் ஆய்வாளர்கள் பெர்னார்டும் கூப்பர்டாக்கும் 2018-இல் வெளியிட்ட ஆய்வு, புவி அறிவியல் முனைவர் பட்டங்களில் சிறுபான்மை இனத்தவரின் பங்கு நாற்பது ஆண்டுகளாக ஏறக்குறைய அசையவில்லை என்று காட்டியது. சில நல்ல கோடைகளால் மட்டும் ஒரு துறையின் முகம் மாறுவதில்லை.

இந்தியாவில் இத்தகைய பயிற்சிக்கு முக்கிய வழி, மூன்று அறிவியல் கழகங்கள் சேர்ந்து நடத்தும் இரண்டு மாதக் கோடைக்கால ஆய்வு உதவித்தொகை. புவி அறிவியலும் அதில் உண்டு. ஆனால் அதற்கான தேர்வு, மதிப்பெண்ணையும் ஆசிரியர் தரும் பரிந்துரைக் கடிதத்தையும் நம்பியிருக்கிறது. ஆய்வு செய்யும் ஆசிரியரே இல்லாத சிறு கல்லூரி மாணவர் அங்கேயே பின்தங்கிவிடுகிறார்.

ஆய்வகத்துக்கும் அதற்கு வெளியே இருப்பவர்களுக்கும் உள்ள இடைவெளி திருவனந்தபுரத்தில் கண்ணுக்கே தெரியும். தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாகக் கடை வைத்திருக்கும் ஆரியசாலையும், ஆக்குளத்துத் தேசியப் புவி அறிவியல் ஆய்வு மையமும் ஒரே நகரத்தில்தான் இருக்கின்றன. 1978-இல் கேரள அரசு தொடங்கிய மையம் அது. 2014-இல் மத்தியப் புவி அறிவியல் அமைச்சகத்தின் கீழ் வந்தது. கடலரிப்பும் நிலச்சரிவும் அங்கே ஆராயப்படுகின்றன. 2017-இல் ஒக்கிப் புயலில் கடலோடிகளை இழந்த ஊர்களும், 2024-இல் வயநாட்டு நிலச்சரிவில் புதைந்த தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகளும் இவ்வாய்வுகளுக்குப் பொருளாகின்றன. அந்த ஊர்ப் பிள்ளைகள் ஆய்வாளராக வருவதற்குத் தனி முயற்சி தேவை. கட்டணமில்லாப் பயிற்சி மட்டும் போதாது. கோடையில் வேலைக்குப் போய் வீட்டுக்குப் பணம் தருபவருக்கு உதவித்தொகையும் தங்குமிடமும் வேண்டும்.

விண்ணப்பிக்க நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: கழகங்களின் திட்டத்துக்கு விண்ணப்பக் காலம் பெரும்பாலும் முந்தைய ஆண்டின் கடைசி மாதங்களிலேயே முடிந்துவிடுகிறது. பரிந்துரைக் கடிதத்தை ஆசிரியரிடம் செப்டம்பரிலேயே கேட்டு வைப்பது நல்லது.