வீட்டை ஓட்டிக்கொண்டு போகிறவர்களும் வீட்டைப் பூட்டிவிட்டுப் போகிறவர்களும்

ஊரப்பாக்கத்தில் ஓய்வூதியக்காரர்கள் நிறைய. வேலையில் இருந்தபோதே மனை வாங்கிப் போட்டு, ஓய்வுபெறும்போது கைக்கு வந்த பணத்தில் வீட்டைக் கட்டி முடித்துக் குடிவந்த ஆசிரியர்கள், ரயில்வேக்காரர்கள், வங்கி ஊழியர்கள். ஊர் சுற்றக் கிளம்ப இதைவிட வசதியான இடம் சென்னையைச் சுற்றி இல்லை. ஒரு பக்கம் ஜி.எஸ்.டி. சாலை, இன்னொரு பக்கம் தாம்பரம்–செங்கல்பட்டு மின்சார ரயில், 2023 டிசம்பர் 30 முதல் கூப்பிடு தூரத்தில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம். பிள்ளைகளோடு ஆறு மாதம் தங்கிவர அமெரிக்கா போன நம் தெருக்காரர்கள், அந்த ஊர் நெடுஞ்சாலைகளில் தங்கள் வயதுத் தம்பதிகள் ஆர்.வி. என்னும் வீட்டுவண்டியில் போவதைப் பார்த்துவிட்டு வந்து சொல்வார்கள். சொல்லும்போது குரலில் வியப்பும் இருக்கும், கொஞ்சம் ஏக்கமும் இருக்கும். அந்த ஏக்கத்துக்குக் காரணம் வண்டிதானா என்று யோசித்ததில் எழுந்தது இந்த ஒப்பீடு.

படுக்கை, அடுப்பு, குளிர்பெட்டி, கழிவறை எல்லாம் உள்ளேயே கொண்டது ஆர்.வி. ஏர்ஸ்ட்ரீம் இழுவை வண்டிகளை உருவாக்கிய வாலி பயம், 1959-ல் ஒரு பெரிய வண்டிக் கூட்டத்தைக் கேப் டவுனிலிருந்து கெய்ரோவரை நடத்திச் செல்லக் கிளம்பினார். அப்போது அவர் அறுபதைக் கடந்தவர். அயோவா மாநிலத்தின் வின்னபேகோ நிறுவனம் 1966-ல் தன் மோட்டார் வீடுகளை விற்கத் தொடங்கிய பிறகு இந்த வாழ்க்கை நடுத்தர வருமானக்காரர்களுக்கும் எட்டியது. மாலையில் ஒரு முகாமில் வண்டியை நிறுத்தி, தண்ணீர், மின்சாரம், கழிவுநீர் மூன்றுக்கும் இணைப்புக் கொடுத்துவிட்டால் அன்றைக்கு அதுதான் வீட்டு முகவரி. கோடையில் வடக்கே, மலைப் பக்கம் போவார்கள். குளிர்காலத்தில் அரிசோனாவுக்கோ டெக்சாசின் தென்கோடிக்கோ இறங்கிவிடுவார்கள். வீட்டையே விற்றுவிட்டு ஆண்டு முழுவதும் வண்டியில் வாழ்கிறவர்களும் உண்டு.

நம்மவர்களுக்குக் கோடை அப்படி வாய்ப்பதில்லை. மே மாதம் பேரப்பிள்ளைகளின் மாதம். மாங்காய், வடாம், வண்டலூர் உயிரியல் பூங்கா என்று அது வீட்டிலேயே கழிந்துவிடும். பள்ளி திறந்த பிறகுதான் தாத்தா பாட்டிக்கு விடுமுறை. ஆடியில் அம்மன் கோயில்கள், புரட்டாசியில் பெருமாள் கோயில்கள், இடையில் ஒரு நவக்கிரகச் சுற்று, தெம்பு இருக்கும்போதே ஒரு காசி யாத்திரை. அமெரிக்கத் தம்பதி வானிலையைப் பார்த்துக் கிளம்புகிறது என்றால், நம் தம்பதி பஞ்சாங்கத்தைப் பார்த்துக் கிளம்புகிறது. அவர்களுக்குப் போகிற வழியே பயணம். நமக்குச் சன்னிதியில் நிற்கும் அந்த நிமிடம்தான் பயணம், வழியெல்லாம் பொறுத்துக்கொள்ள வேண்டியது.

ஓர் இடத்தில் நம் முறைதான் மேல் என்று தயங்காமல் சொல்வேன். வீட்டுவண்டியில் வீட்டோடு சமையலறையும் கூடவே வருகிறது. எங்கே நிறுத்தினாலும் யாராவது ஒருவர் அடுப்பைப் பற்றவைக்க வேண்டும், பாத்திரம் கழுவ வேண்டும். நம் யாத்திரைப் பேருந்துகளில் பெரும்பாலும் சமையல்காரர் உடன் வருவார். விடியற்காலையில் ஏதோ ஒரு கல்யாண மண்டபத்து முற்றத்தில் பொங்கலும் சாம்பாரும் தயாராகும்போது, நாற்பது ஆண்டுகள் தினமும் அடுப்படியில் நின்ற பெண் தட்டை நீட்டி வாங்கிச் சாப்பிடுகிறார். கணவர் ஓய்வுபெற்ற நாளில் அவருக்கு யாரும் மாலை போட்டு ஓய்வு தரவில்லை. ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறை அந்தப் பேருந்துதான் அவருக்கு ஓய்வு தருகிறது. பக்தியோடு இந்த விடுதலையும் சேர்ந்துதான் அவரை மறுபடியும் கிளம்ப வைக்கிறது என்று நினைக்கிறேன்.

அரசு செய்வதில் இரு பக்கமும் கணக்கு உண்டு. 62 வயது நிரம்பிய அமெரிக்கர் ஒருமுறை 80 டாலர் கட்டினால் ஆயுள் முழுக்கத் தேசியப் பூங்காக்களுக்குள் போகலாம், பல முகாம்களில் கட்டணமும் பாதிதான். இங்கே இந்து சமய அறநிலையத் துறை 60 முதல் 70 வயதுவரை உள்ளவர்களை ராமேஸ்வரம்–காசிக்கும் அறுபடை வீடுகளுக்கும் செலவில்லாமல் அழைத்துப்போகிறது. இடங்கள் குறைவு என்றாலும் நல்ல காரியம். ஆனால் ரயிலில் 60 வயது ஆண்களுக்கு 40 விழுக்காடும், 58 வயது பெண்களுக்குப் பாதியும் இருந்த கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நின்றது, திரும்ப வரவில்லை. ஓய்வூதியமே இல்லாத முதியவர்களுக்கு இது சின்ன விஷயமல்ல. பலரிடம் சொந்த வண்டி இல்லாத நாட்டில் முதியவர்களின் வீட்டுவண்டி ரயில்தான். அந்தச் சலுகையைத் திருப்பித் தர வேண்டும்.

பயணத்தில் இப்படி இரு தட்டும் ஏறி இறங்குகின்றன. நடனத்துக்கு வந்தால் தராசு ஒரே பக்கம் சாய்கிறது. ஏக்கத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது.

ஸ்கொயர் டான்ஸ் என்பது நான்கு தம்பதிகள் சதுரத்தின் நான்கு பக்கங்களில் ஜோடி ஜோடியாக நின்று ஆடுவது. ஐரோப்பியக் கூட்டு நடனங்களிலிருந்து கிளைத்தது. மேடையில் நின்று அடுத்த அசைவைக் கூவிச் சொல்கிறவர் காலர். இந்த வழக்கம் வேரூன்றியதில், பிடில் வாசித்தபடியே ஆட்டத்தை நடத்திய கறுப்பினக் கலைஞர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. கொலராடோவில் பள்ளி நடத்திய லாயிட் ஷா 1939-ல் எழுதிய நூல் இந்த ஆட்டத்துக்கு மறுவாழ்வு தந்தது. 1974 முதல் காலர்லேப் என்னும் காலர்களின் அமைப்பு, எந்த அழைப்புக்கு எந்த அசைவு என்பதை ஒழுங்குபடுத்தி வைத்திருக்கிறது. இதில்தான் ஆர்.வி.யும் ஆட்டமும் ஒன்று சேர்கின்றன. ஒஹையோவில் கற்ற தம்பதி அரிசோனாவில் முன்பின் தெரியாத மூன்று ஜோடிகளோடு அன்று மாலையே சதுரத்தில் நின்றுவிடலாம். ஜப்பானிலும் ஜெர்மனியிலும்கூட அழைப்பு ஆங்கிலத்தில்தான். இப்படி ஊர் ஊராக வண்டியில் போய் ஆடுகிறவர்களுக்கென்றே தேசிய அளவில் ஒரு சங்கம் இருக்கிறது. குளிருக்கு ஒதுங்கும் முதியவர்கள் நிறைந்த டெக்சாசின் மெக்காலன் நகரம், தன்னை உலகின் ஸ்கொயர் டான்ஸ் தலைநகர் என்றே சொல்லிக்கொண்டது.

நம்மிடம் ஆட்டம் இல்லாமல் இல்லை. சிலப்பதிகாரத்து ஆய்ச்சியர் குரவையில் ஏழு பெண்கள் ஏழு சுரங்களின் பெயர் ஏற்று நின்று ஆடுகிறார்கள். கும்மியும் கோலாட்டமும் இன்றும் நவராத்திரியிலும் கோயில் விழாவிலும் நடக்கின்றன. ஆனால் அவற்றைப் பெண்கள் ஆடுவார்கள், ஆண்கள் ஒயிலாட்டம் ஆடுவார்கள். ஐம்பது ஆண்டு சேர்ந்து வாழ்ந்த கணவனும் மனைவியும் ஊர் பார்க்க ஓர் ஆட்டத்தில் நிற்க நம் தெருவில் இடம் கிடையாது. யாத்திரைப் பேருந்திலும் பெண்கள் ஒரு பக்கம் பஜனை பாட, கணவர் ஜன்னலோரம் பேப்பர் படிக்கிறார். இருவரும் ஒன்றாகக் கிளம்பியவர்கள்தான்.

இது மாறாத விதி அல்ல. கோவைப் பக்கத்து வள்ளி ஒயில் கும்மியில் ஆண்களே ஆடிவந்தார்கள். கும்மி ஆசான் பத்திரப்பன் அந்த வழக்கத்தை மீறிப் பெண்களுக்கும் கற்றுக்கொடுத்தார். 2024-ல் அவருக்குப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டபோது வயது 87. இன்று கொங்கு நாட்டில் பாட்டிகளும் பேத்திகளும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். நீலகிரியில் படகர்கள் விழா நாளில் வட்டமாகச் சேர்ந்து ஆடுகிறார்கள்.

உடம்புக்கும் இதில் நன்மை உண்டு. நியூயார்க்கில் 75 வயதைக் கடந்த 469 பேரைத் தொடர்ந்து கவனித்து 2003-ல் வெளியான ஆய்வில், உடலியக்கப் பொழுதுபோக்குகளில் நடனம் ஒன்றுதான் மறதி நோய்க்கான வாய்ப்புக் குறைவோடு சேர்ந்து காணப்பட்டது. நடனம்தான் காரணம் என்று அதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் காலர் அடுத்து என்ன சொல்வார் என்று தெரியாமல் காதைத் தீட்டி நிற்பது மூளைக்கு வேலைதான். நம் கும்மியில் பாட்டு முன்பே தெரியும், முன்பாட்டுக்காரி அடியை மாற்றிப் போட்டால்தான் அந்த விழிப்பு வரும்.

ஊரப்பாக்கத்தில் இதைத் தொடங்க ஏற்றது பின்னல் கோலாட்டம் என்பது என் எண்ணம். மேலே ஒரு வளையம், அதிலிருந்து தொங்கும் கயிறுகள், இரட்டைப்படையில் ஆட்கள். ஸ்கொயர் டான்ஸ் போலவே எட்டுப் பேர் போதும், அதாவது ஒரே தெருவில் நான்கு வீடுகள். பாதிப் பேர் வலமாகவும் பாதிப் பேர் இடமாகவும் உள்ளும் வெளியுமாக மாறிப் போனால் பின்னல் விழும், வந்த வழியே திரும்பி ஆடினால் அவிழும். கணவர்களை வலச்சுற்றிலும் மனைவிகளை இடச்சுற்றிலும் நிறுத்தலாம். முட்டிவலிக்காரர்கள் கும்மிபோலக் குனிய வேண்டியதில்லை, நடந்தால் போதும். கோலை மார்பு உயரத்துக்குமேல் தூக்காமல், பாட்டை மெதுவாக எடுத்தால் எழுபது வயதுக்காரரும் தாங்குவார். குடியிருப்போர் சங்கக் கூடத்தில் உத்தரத்துக் கொக்கி ஒன்று இருந்தால் செலவு கயிற்றுக்கும் கோலுக்கும் மட்டும்தான்.