ஊரைத் தேடிய பயணி: பேராசிரியர் நொபொரு கராசிமாவின் வரலாற்றுப் பணி

முன்னுரை

முதலாவது அனைத்துலகத் தமிழாராய்ச்சி மாநாடு 1966ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் கோலாலம்பூரில் நடைபெற்றது. மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறையின் தலைவராக விளங்கிய தனிநாயகம் அடிகளார் அதனை முன்னின்று நடத்தினார். மாநாட்டின் ஆய்வடங்கலில் இடம்பெற்ற கட்டுரைகளுள் ஒன்று, காவிரியின் தென்கரையில் அருகருகே அமைந்திருந்த அல்லூர், ஈசானமங்கலம் என்னும் இரு சிற்றூர்களைப் பற்றியது. பேரரசர்களைப் பற்றியோ போர்களைப் பற்றியோ அது பேசவில்லை. நிலம் யாரிடம் இருந்தது, அதனை விற்றவர் யார் என்ற எளிய வினாக்களையே அது எழுப்பியது. அக்கட்டுரையின் ஆசிரியர், அப்போது முப்பது வயதைக் கடந்திருந்த ஜப்பானிய ஆய்வாளர் நொபொரு கராசிமா.

1933ஆம் ஆண்டு பிறந்து 2015ஆம் ஆண்டு நவம்பர் 26ஆம் நாள் மறைந்த அவரைத் தமிழ்கூறு நல்லுலகம் பெரும்பாலும் தமிழாராய்ச்சி மன்றத்தின் தலைவராகவும், தமிழில் உரையாடிய ஜப்பானியராகவுமே நினைவில் வைத்திருக்கிறது. அந்நினைவு அன்பின்பாற்பட்டது, எனினும் முழுமையானதன்று. அவருடைய பயணங்களுக்கும் ஆய்வுக்கும் அடிப்படையாக இருந்தது ஒரே தேடல்தான். தமிழ்ச் சமூகம் உண்மையில் எவ்வாறு கூடி வாழ்ந்தது என்பதே அத்தேடல். அதனை அவருடைய ஆய்வுகளின்வழி எடுத்துக்காட்டுவதும், அதில் மலேசிய, சிங்கப்பூர்த் தமிழாசிரியர்களுக்குள்ள பாடத்தைச் சுட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கல்வெட்டைத் தேடி வந்த மாணவர்

தோக்கியோப் பல்கலைக்கழகத்தில் வரலாறு பயின்ற கராசிமா 1960களின் தொடக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்திற்கு வந்தார். பின்னர், அந்நாளில் உதகமண்டலத்தில் இயங்கிவந்த இந்தியத் தொல்லியல் துறையின் கல்வெட்டுப் பிரிவிலும் பயிற்சி பெற்றார். இந்திய வரலாறு என்றாலே வடநாட்டு வரலாறு என்று கருதப்பட்ட சூழலில், தென்னகக் கோயில்களின் சுவர்களில் பல்லாயிரக்கணக்கான கல்வெட்டுகள் படிப்பாரின்றிக் கிடந்ததை அவர் உணர்ந்தார். அவற்றைப் படிக்கவே தமிழ் கற்றார்.

அவர் கற்ற தமிழ் நூலகத் தமிழ் மட்டுமன்று. ஊர்களுக்குச் செல்லவும், அங்குள்ளோரோடு உரையாடவும், உண்டு பழகவும் அம்மொழி அவருக்குத் துணைநின்றது. தமிழக உணவில் அவர் கொண்டிருந்த ஈடுபாடு, துணைவியாருடன் இணைந்து கறியைப் பற்றி ஜப்பானிய மொழியில் ஒரு நூலே எழுதும் அளவுக்கு வளர்ந்தது. 'ஓய்ஷின்போ' என்னும் புகழ்பெற்ற ஜப்பானியச் சித்திரக்கதைத் தொடரில் அவர் ஒரு கதைமாந்தராகவே தோன்றுகிறார். ஓர் ஊரின் உணவை அறிவதும் அவ்வூரின் வரலாற்றை அறிவதும் அவரிடம் வெவ்வேறு செயல்களாக இருக்கவில்லை.

அல்லூரும் ஈசானமங்கலமும்

இந்தியச் சிற்றூர்கள் பன்னெடுங்காலம் மாற்றமின்றி, தன்னிறைவுடன், நிலத்தைப் பொதுவில் வைத்து வாழ்ந்தன என்ற கருத்து 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய அறிஞர்களிடையே வேரூன்றியிருந்தது. ஆங்கில ஆட்சியின் அலுவலர்களும் கார்ல் மார்க்சும் ஹென்றி மெயினும் வெவ்வேறு நோக்கில் இதனைக் கூறினர். கராசிமா இக்கருத்தை மறுக்கவோ ஏற்கவோ விரையவில்லை. இரண்டு ஊர்களை எடுத்துக்கொண்டு அவற்றின் கல்வெட்டுகளை வரிவரியாக ஒப்பிட்டார்.

திருச்சிராப்பள்ளிக்கு மேற்கே உள்ள அல்லூர் வேளாண் மக்களின் ஊர்; ஈசானமங்கலம் பிராமணர்க்கு வழங்கப்பட்ட பிரமதேயம். சோழர் ஆட்சியின் தொடக்கக் காலத்தைச் சேர்ந்த கல்வெட்டுகளில், அல்லூர் நிலத்தை விற்பவர்கள் ஊரார். அவர்கள் கூட்டாகவே விற்கின்றனர். ஈசானமங்கலத்திலோ தனியொருவர் தம் நிலத்தைத் தாமே விற்பதைக் காண்கிறோம். முன்னதில் நிலத்தை உடையவர்களே உழுதவர்களாகவும் இருந்தனர். பின்னதில் உடையவர் வேறு, உழுதவர் வேறு. ஆகவே, ஒரே காலத்தில், ஒரே ஆற்றங்கரையில், இருவகை நிலவுடைமை நிலவியது என்பது அவர் கண்ட முடிவு.

அவர் அத்துடன் நிற்கவில்லை. திருவரங்கம், திருவானைக்காவல் ஆகிய கோயில்களின் 13ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டுகளையும் ஆராய்ந்தார். பிரமதேயம் அல்லாத ஊர்களிலும் அப்போது தனியார் நிலவுடைமை பரவியிருந்தது. அரசுப் பணியாலும் போர்வெற்றிகளாலும் செல்வம் பெற்றோர் நிலத்தை வாங்கிக் குவித்தமை இம்மாற்றத்திற்கு ஒரு காரணமாகலாம் என அவர் கருதினார். மாறாத சிற்றூர் என்ற கொள்கை இவ்வாறு தகர்ந்தது. தமிழ் ஊருக்கும் வரலாறு உண்டு, அதுவும் மாறியது, அம்மாற்றத்தில் சிலர் உயர, பலர் தாழ்ந்தனர்.

ஊருக்குள் இருந்த சேரிகள்

சோழர் கால ஊராட்சியைப் போற்றிப் பேசுவது தமிழரிடையே வழக்கமாகிவிட்டது. உத்தரமேரூர்க் குடவோலை முறையைக் குறிப்பிடாத பாடநூல் அரிது. கராசிமா ஊரவை, சபை, நாடு ஆகிய அமைப்புகளின் சிறப்பை அறிந்தவர். ஆனால், அவ்வமைப்புகளுக்கு உள்ளே இருந்தவர் யார், வெளியே நிறுத்தப்பட்டவர் யார் என்று கேட்கவும் அவர் தவறவில்லை.

தஞ்சைப் பெரிய கோயிலில் உள்ள முதலாம் இராசராசனின் கல்வெட்டுகள், கோயிலுக்கு வருவாய் தந்த ஊர்களின் நில அளவைக் குறிக்கின்றன. அவை வரி நீக்கப்பட்ட இடங்களையும் பட்டியலிடுகின்றன. ஊர்நத்தம், குளம், வாய்க்கால், கோயில் ஆகியவற்றுடன் கம்மாணசேரி, ஈழச்சேரி, பறைச்சேரி, தீண்டாச்சேரி ஆகியனவும் அங்குக் காணப்படுகின்றன. சுடுகாடுகூடத் தனித்தனியே குறிக்கப்படுகிறது. வரிக்கணக்கிற்காக வெட்டப்பட்ட வரிகள் சமூகப் படிநிலையின் சான்றாக மாறுகின்றன. சோழர் காலச் சிற்றூர்ச் சமுதாயம் புனைவா, உண்மையா என்ற வினாவை எழுப்பிய அவர், பிற்காலத்தில் தீண்டாமை பற்றிய கல்வெட்டுச் சான்றுகளைத் தனியாகவும் ஆராய்ந்தார்.

ஒடுக்கப்பட்டோரின் எதிர்ப்பும் அவர் கவனத்திலிருந்து தப்பவில்லை. விசயநகர ஆட்சியில், 1429ஆம் ஆண்டைச் சேர்ந்த சில கல்வெட்டுகள், வழக்கமாகத் தம்முள் மாறுபட்டு நின்ற வலங்கை, இடங்கைப் பிரிவினர் ஒன்றுகூடியதைத் தெரிவிக்கின்றன. அரசு அலுவலர்களும் காணியாளர்களும் தம்மை வருத்தியதால், முறையற்ற வரிகளைச் செலுத்துவதில்லை என்று அவர்கள் முடிவெடுத்தனர். தம்மைக் காட்டிக்கொடுப்போர்க்குத் தண்டனையும் வகுத்தனர். பேராசிரியர் எ. சுப்பராயலுவுடன் இணைந்து கராசிமா இக்கல்வெட்டுகளை ஆராய்ந்து, 15ஆம் நூற்றாண்டுத் தமிழகத்தின் சமூகப் பூசல்களை வெளிக்கொணர்ந்தார். கோட்டையையும் கொடிவழியையும் மட்டுமே நோக்கும் வரலாற்றில் இக்குரலுக்கு இடமிருந்திருக்காது.

எண்ணிப் பார்க்கும் வரலாறு

கல்வெட்டுகள் உரக்கப் பேசுவதில்லை, மெல்ல முணுமுணுக்கின்றன என்பது அவர் கருத்து. மெய்க்கீர்த்தி அரசன் சொல்ல விரும்பியதை உரத்துச் சொல்லும். அரசன் சொல்ல எண்ணாததை அறிய வேண்டுமாயின், நூற்றுக்கணக்கான கல்வெட்டுகளை ஒன்றாக வைத்துச் செவிசாய்க்க வேண்டும். இதற்காகவே அவர் எண்ணும் முறையைக் கைக்கொண்டார்.

1978ஆம் ஆண்டு எ. சுப்பராயலு, தோரு மட்சுயி ஆகியோருடன் இணைந்து அவர் வெளியிட்ட சோழர் கல்வெட்டுப் பெயரடைவு மூன்று தொகுதிகளாக அமைந்தது. கணினி தமிழாய்வில் கால்வைத்திராத அக்காலத்தில், கல்வெட்டுகளில் வரும் பெயர்கள் கணினியின் துணையுடன் வகைப்படுத்தப்பட்டன. 'உடையான்', 'மூவேந்தவேளான்' போன்ற பட்டங்களைத் தாங்கியோர் எங்கு, எப்போது மிகுந்தனர் என்பதை இதனால் அறிய முடிந்தது. கடமை, குடிமை, வெட்டி, அந்தராயம் முதலிய வரிச்சொற்களும் இவ்வாறே காலமுறைப்படியும் இடமுறைப்படியும் எண்ணப்பட்டன. சோழ அரசு தளர்ந்த கட்டமைப்புடையது என்ற பர்ட்டன் ஸ்டைனின் கொள்கையை அவர் எதிர்கொண்டது இச்சான்றுகளைக் கொண்டே. மாற்றுக் கருத்தைச் சொல்லாற்றலால் வெல்ல அவர் முயலவில்லை, எண்ணிக் காட்டினார்.

இப்பணி தனியொருவரால் இயலாதது. அவருடைய நூல்கள் பலவற்றில் தமிழக அறிஞர்களின் பெயர்கள் அவர் பெயரோடு இணைந்தே நிற்பதைக் காணலாம். வெளிநாட்டு அறிஞர் உள்நாட்டாரைத் தகவல் தருவோராக மட்டும் பயன்படுத்திக்கொள்ளும் வழக்கத்திற்கு இது மாறானது. 2001ஆம் ஆண்டு கென்னத் ஹால் பதிப்பித்து அவருக்குப் படைக்கப்பட்ட சிறப்பு மலர் இத்தகைய ஆய்வுத் தோழமைக்குக் கிடைத்த கைம்மாறு எனலாம்.

கடல் கடந்த பயணங்கள்

ஊரைத் தேடிய அவர் பயணம் கடலையும் கடந்தது. ஐந்நூற்றுவர் எனப்பட்ட வணிகக் குழுவினரின் கல்வெட்டுகளைத் தொடர்ந்து சென்றால், தமிழகம், கருநாடகம், இலங்கை என விரிந்து தென்கிழக்காசியாவை அடையலாம். சுமத்திராவின் மேற்குக் கரையில், பாருசுக்கு அருகிலுள்ள லோபு துவாவில் கிடைத்த தமிழ்க் கல்வெட்டு சக ஆண்டு 1010, அதாவது கி.பி. 1088ஐச் சேர்ந்தது. நீலகண்ட சாத்திரியார் முன்னரே எழுதிய இக்கல்வெட்டைச் சுப்பராயலு மீண்டும் படித்துத் தெளிவுபடுத்தினார். ஐந்நூற்றுவர் அங்கே கூடி, கப்பலில் வருவோர் செலுத்த வேண்டிய பொன்னைப் பற்றி முடிவெடுத்ததை அது கூறுகிறது. அயல்மண்ணில் இறங்கிய வணிகர்களும் தம் ஊரில் செய்ததுபோல் அவைகூடியே முடிவெடுத்தனர் என்பது நாம் எண்ணிப் பார்க்கத்தக்கது.

சீனாவின் சுவன்சௌ துறைமுகத்தில் கிடைத்த, தமிழும் சீனமும் அமைந்த 1281ஆம் ஆண்டுக் கல்வெட்டையும் அவர் ஆராய்ந்தார். அங்கே ஒரு சிவன் கோயில் எடுக்கப்பட்டதை அது அறிவிக்கிறது. தென்கிழக்காசியா, சீனா ஆகிய பகுதிகளோடு தொடர்புடைய தமிழ், வடமொழிக் கல்வெட்டுகளைச் சுப்பராயலுவும் அவரும் தொகுத்தளித்தனர். அத்தொகுப்பு சிங்கப்பூரின் தென்கிழக்காசிய ஆய்வுக் கழகம் 2009ஆம் ஆண்டு வெளியிட்ட, சோழரின் கடற்படையெடுப்பு பற்றிய நூலில் இடம்பெற்றுள்ளது. கடாரத்தைப் பற்றிப் பேசும் நம்மவர் கைக்கெட்டும் தொலைவில் இருக்க வேண்டிய நூல் அது.

கல்லோடு மண்ணையும் அவர் நோக்கினார். தமிழகத்தின் பெரியபட்டினம், பழையகாயல் போன்ற பழந்துறைகளிலும் இலங்கையிலும் சீனப் பீங்கான் ஓடுகளைத் தேடும் பணியை ஜப்பானிய, இந்திய அறிஞர் குழுவோடு மேற்கொண்டார். உடைந்த ஓடு ஒன்று எந்த நூற்றாண்டில் எந்தச் சூளையில் சுடப்பட்டது என்று அறிந்தால், அத்துறை வணிகத்தால் செழித்த காலம் புலப்படும். இவ்வாய்வின் பயனாக 2004ஆம் ஆண்டு ஒரு தனி நூல் வெளிவந்தது.

தலைவரும் தளராத நேர்மையும்

1989ஆம் ஆண்டு அனைத்துலகத் தமிழாராய்ச்சி மன்றத்தின் தலைவரான கராசிமா, 1995ஆம் ஆண்டு தஞ்சாவூரில் நடைபெற்ற எட்டாவது மாநாட்டிற்குத் தலைமை தாங்கினார். அடுத்த மாநாட்டைக் குறுகிய காலத்திற்குள் நடத்தத் தமிழக அரசு விழைந்தபோது, ஆய்வுக்கட்டுரைகளைச் செம்மையாக உருவாக்க ஓராண்டேனும் வேண்டும் என்று அவர் வலியுறுத்தினார். உடன்பாடு ஏற்படவில்லை. 2010ஆம் ஆண்டு சூன் திங்களில் கோயம்புத்தூரில் நடைபெற்ற செம்மொழி மாநாடு, மன்றத்தின் மாநாடாக அன்றி அரசின் மாநாடாகவே அமைந்தது. அவ்வாண்டே அவர் தலைமைப் பொறுப்பிலிருந்து விலகினார்.

விழாவும் வேண்டும் என்போரின் நியாயத்தை நாம் முற்றாக ஒதுக்கிவிட முடியாது. மக்கள் பெருந்திரளாகக் கூடுவதும் மொழிக்கு ஆக்கமே. ஆயினும் ஆய்வரங்கு விழாவின் ஒரு பகுதியாகச் சுருங்கிவிடக்கூடாது என்ற அவர் நிலைப்பாடு, தமிழை நேசித்ததன் விளைவேயன்றிப் பிறிதன்று. இந்திய அரசு 2013ஆம் ஆண்டு அவருக்குப் பத்மஸ்ரீ விருதை அறிவித்தது. அன்றைய பிரதமர் மன்மோகன் சிங் தோக்கியோவுக்கு வந்தபோது அங்கேயே அதனை வழங்கினார்.

முடிவுரை

கராசிமா தமிழ்ச் சமூகத்தின்மீது கொண்ட அன்பு, அதனைப் புகழ்வதாக அன்றி, அதனைக் கூர்ந்து கேட்பதாக வெளிப்பட்டது. தமிழர் வரலாற்றை மாணவர்க்குக் கற்பிக்கும் நாமோ பெரும்பாலும் பெருமையிலிருந்து தொடங்கிப் பெருமையிலேயே முடிக்கிறோம். இராசேந்திரனின் கப்பற்படையை அறிந்த மாணவன், தன் பாட்டனார் பால்மரம் சீவிய தோட்டம் எப்போது யாரிடம் கைமாறியது என்பதை அறியான். அத்தோட்டங்கள் பல துண்டாடப்பட்டும், குடியிருப்புகளாக மாறியும் மறைந்துவிட்டன. அவற்றோடு ஊர்களும் மறைகின்றன.

எஞ்சியிருப்பவை சில: கோயில் வாயிலில் நன்கொடையாளர் பெயர் தாங்கிய கல், தமிழ்ப்பள்ளியின் பழைய வருகைப் பதிவேடு, இடுகாட்டுக் கல்லறைகளில் பொறித்த பிறந்த ஊரும் ஆண்டும். இவற்றுள் எதுவும் உரக்கப் பேசாது. ஆனால், ஒரு வட்டாரத்திலுள்ள பெயர்களையெல்லாம் ஒருசேரத் தொகுத்தால், எவ்வூரிலிருந்து யார் வந்தனர், யார் சேர்ந்து வாழ்ந்தனர், கோயில் நிருவாகத்தில் யாருக்கு இடம் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்பன தெரியவரும். உயர்நிலை வகுப்பு மாணவர்களைக்கொண்டே ஓர் ஆசிரியர் செய்யக்கூடிய பணி இது.

அல்லூர்க் கல்வெட்டுகள் ஆயிரம் ஆண்டுகள் காத்திருந்து தமக்குரிய வாசகரைப் பெற்றன. நம் நாட்டின் தோட்டக் கோயில் பெயர்ப்பலகைகளுக்கு அத்தனை ஆயுள் இல்லை. அவற்றைப் படியெடுக்கும் பணியை இத்துறையின் மாணவர்களும் தமிழாசிரியர்களும் இணைந்து தொடங்குவதே பேராசிரியர் கராசிமாவுக்கு நாம் செலுத்தத்தக்க நன்றியாகும்.