ஈ.சி.ஆர் ட்ரிப் முடிஞ்சதும் வயிற்றுப்போக்கா? ஐ.பி.டி இருக்கிறவங்க மாத்திரை போடுறதுக்கு முன்னாடி இதைப் படிங்க!

சனிக்கிழமை மாமல்லபுரம். அர்ஜுனன் தபசு, கடற்கரைக் கோயில் எல்லாம் சுத்திட்டு, பீச் ஓரக் கடையில இறால் வறுவல், ஐஸ் போட்ட கரும்பு ஜூஸ். ஞாயிறு ராத்திரி வயிறு கலக்குது. விடியறதுக்குள்ள ஏழெட்டு தடவை பாத்ரூம். கூட வந்த ஃப்ரெண்டுக்கும் அதேதான். அவர் ஓ.ஆர்.எஸ் குடிச்சுட்டு ரெண்டு நாள்ல ஆபீஸ் போயிடலாம். ஆனா, உங்களுக்கு அல்சரேட்டிவ் கொலைட்டிஸோ கிரோன்ஸ் நோயோ இருந்தா, விஷயம் வேற.

இந்த இரண்டையும் சேர்த்துத்தான் ஐ.பி.டி, அதாவது குடல் அழற்சி நோய் என்கிறார்கள். டென்ஷனானா வயிறு கலக்குமே, அந்த ஐ.பி.எஸ் இல்லை இது. நோய் எதிர்ப்பு சக்தி நம் குடலையே தாக்கி, புண்ணாக்கும் நாள்பட்ட நோய். மருந்தில் அடங்கியிருக்கும், திடீரென்று தலைதூக்கும். அதற்குப் பெயர் 'ஃப்ளேர்.'

ஃப்ளேரா, தொற்றா?

சிக்கல் இங்கேதான். வயிற்றுப்போக்கு, ரத்தம், வயிற்றுவலி, காய்ச்சல் என பாக்டீரியா தொற்றின் அறிகுறிகளும் ஃப்ளேரின் அறிகுறிகளும் ஒன்றுபோலவே இருக்கும். மருத்துவம்தான் வேறு. ஃப்ளேர் என்று நினைத்து, வீட்டில் மிச்சமிருக்கும் ஸ்டீராய்டை நீங்களே போட்டால், கிருமியோடு போராடும் சக்தி குறையும். தொற்று என்று நினைத்து கடையில் ஆன்டிபயாடிக் வாங்கிப் போட்டால், குடலின் நல்ல பாக்டீரியாக்கள் அழியும். அந்தக் காலி இடத்தில்தான் 'சி.டிஃப்' எனப்படும் க்ளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் வளரும். ஐ.பி.டி இருப்பவர்களுக்கு ஆன்டிபயாடிக் சாப்பிடாமலும் இது வரலாம்.

சரியாக வேகாத கோழி, முட்டை வழியாக சால்மோனெல்லா, கேம்பைலோபாக்டர். அசுத்தமான தண்ணீர், ஐஸ் வழியாக ஈ.கோலை, ஷிகெல்லா, அரைவேக்காட்டு கடல் உணவு வழியாக விப்ரியோ வரும். இதில் எது வந்திருக்கிறது என்பதை அறிகுறியை வைத்துச் சொல்ல முடியாது.

முதல்ல மோஷன் டெஸ்ட்!

டாக்டரிடம் போனதும் "எனக்கு ஐ.பி.டி இருக்கு, இந்த மாத்திரை எடுத்துக்கிட்டிருக்கேன்" என்று முதல் வரியிலேயே சொல்லிடுங்க. மலத்தில் கிருமி கல்ச்சரோடு, சி.டிஃப் டெஸ்ட்டும் தேவையா என்று கேளுங்க. வழக்கமான மலப் பரிசோதனையில் சி.டிஃப் தெரியாது, தனியாக எழுதிக் கொடுக்க வேண்டும். கால்ப்ரொடெக்டின் டெஸ்ட் மட்டும் போதாது. அழற்சி எதனால் வந்தாலும் அது ஏறும்.

ரிசல்ட் வரும்வரை லோபரமைடு போன்ற, 'மோஷனை நிறுத்தும்' மாத்திரைகள் வேண்டாம். தொற்றோடு இருக்கும் பெருங்குடல் ஆபத்தான அளவுக்கு வீங்கிவிடலாம். டைக்ளோஃபினாக், இபுப்ரோஃபென் போன்ற வலிமாத்திரைகளும் வேண்டாம். அதேநேரம், டாக்டர் ஏற்கெனவே கொடுத்திருக்கும் ரெகுலர் மருந்தை நீங்களாக நிறுத்தாதீங்க.

ரத்தத்தோடு ஒரு நாளில் 6 முறைக்கு மேல் போகிறதா? காய்ச்சல், வயிறு உப்பி விறைப்பது, தலைசுற்றல், சிறுநீர் குறைவது என ஏதாவது இருக்கிறதா? காத்திருக்காதீங்க. செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை மாதிரி பெரிய மருத்துவமனைக்கு உடனே போயிடுங்க.

டி.பி-யையும் மறக்காதீங்க

வயிற்றுவலி, எடைக்குறைவு, காய்ச்சல் எல்லாம் வாரக்கணக்கில் நீடித்தால், குடல் காசநோயையும் பார்க்க வேண்டும். அது அச்சு அசலாக கிரோன்ஸ் போலவே இருக்கும். இன்ஃப்ளிக்ஸிமாப், அடாலிமுமாப் ஊசிகள் உடலில் உறங்கும் டி.பி-யைத் தட்டி எழுப்பலாம். அதனால்தான் ஊசியைத் தொடங்கும் முன் டி.பி டெஸ்ட் எடுக்கிறார்கள்.

'குழந்தையிலேயே பி.சி.ஜி போட்டாச்சே' என்கிறீர்களா? இதற்கான பதில் செங்கல்பட்டிலேயே இருக்கிறது. 1968-ல் அப்போதைய செங்கல்பட்டு மாவட்டத்தில், லட்சக்கணக்கான மக்களிடம் பி.சி.ஜி ஆய்வு தொடங்கியது. பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அந்தத் தடுப்பூசி தடுக்கவில்லை என்பதே முடிவு. குழந்தைகளைத் தாக்கும் தீவிர காசநோயைத் தடுக்கத்தான் இன்றும் அதைப் போடுகிறார்கள். தோளில் இருக்கும் தழும்பை நம்பி டெஸ்ட்டைத் தவிர்க்காதீங்க.

அப்போ பீச்சுக்கே போகக் கூடாதா?

தாராளமா போங்க. மீனோ இறாலோ, கண்ணெதிரே நன்றாக வெந்து சூடாக வந்தால் சாப்பிடலாம். வெட்டி வைத்த தர்பூசணி, ஐஸ் போட்ட ஜூஸ், மதியமே அரைத்து வைத்த சட்னி வேண்டாம். அப்போதே வெட்டித் தரும் இளநீர் நல்லது. சாப்பிடும் முன்பும், பாத்ரூம் போய் வந்த பிறகும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்க. சி.டிஃப் கிருமியின் விதைத்துகள்களை சானிடைசர் கொல்லாது.

அப்படியும் வயிறு கலக்கினால், மெடிக்கல் ஷாப்புக்கு முன்னால் லேபுக்கும் டாக்டருக்கும் போங்க. அந்த ஒரு டெஸ்ட், தேவையில்லாத ஸ்டீராய்டிலிருந்து உங்களைக் காப்பாற்றலாம்.